வீட்டிற் செய்யும் சூரியப் பலகைக்குக் கலம் தெரிதல்

2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவரும் இலகுவில் மறந்துவிடமாட்டார். மண்ணெண்ணெய்க்கும் வரிசை, எரிவாயுவுக்கும் வரிசை. அவ்வாண்டு மே மாதத்திலே க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த பிள்ளைகள் மெழுகுதிரியின் முன்னே புத்தகத்தை விரித்துவைத்திருந்தனர். பகல் முழுவதும் கூரையின்மேல் வெயில் வாரிக் கொட்டுகிறது. பொழுது பட்டதும் வீடு இருளில் மூழ்குகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே கண்டவர்களின் உள்ளத்தில், அந்த வெயிலைப் பிடித்துவைத்து இரவில் ஒரு விளக்கையேனும் எரிக்கலாகாதா என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை.

அதற்கு வழிகள் இரண்டு. 'சோலர் பனல்' என்று கடைகளில் வழங்கும் சூரியப் பலகையை ஆயத்தமாக வாங்குவது ஒன்று. தனித்தனிக் கலங்களை வாங்கி, அவற்றைப் பற்றாசு வைத்துத் தொடுத்து, கண்ணாடியின் கீழே பதித்துத் தாமே பலகை செய்துகொள்வது மற்றொன்று. இரண்டாவது வழியிற் செல்வோர் பணத்தை இழப்பது பற்றாசுக் கோலைக் கையில் எடுத்த பின்னர் என்று எண்ணுதல் வேண்டா. பெரும்பாலும், கலங்களுக்குக் கட்டளை அனுப்பிய அன்றே அது இழக்கப்பட்டுவிடுகின்றது. படத்திலே பளபளப்பாகத் தோன்றிய நூறு கலங்கள் மலிவான விலைக்கு வந்து சேரும். பொதியை அவிழ்த்தால் கால்வாசி நொறுங்கியிருக்கும். எஞ்சியவை ஒன்றுக்கொன்று ஒவ்வாதனவாய் இருக்கும். ஆதலாற் கலத்தைத் தெரியும் முறையை முதலில் அறிந்துகொள்வது பணத்தையும் உழைப்பையும் காக்கும்.

இந்தக் கலம் பிறந்த கதை, வெப்ப நாடுகளில் வாழ்வோர்க்கு ஓரளவு உறவுடையது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1950 களின் தொடக்கத்திலே டேரில் சேப்பின் என்னும் பொறியியலாளரிடம் ஒரு சிக்கல் ஒப்படைக்கப்பட்டது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில், ஒதுக்குப்புறமான தொலைபேசி நிலையங்களில் வைக்கப்பட்ட உலர்மின்கலங்கள் விரைவிற் கெட்டுப்போயின. அவற்றுக்கு மாற்று என்ன என்பதே அச்சிக்கல். சேப்பின் முதலிற் செலீனியக் கலங்களை வெயிலில் வைத்துப் பார்த்தார். விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்கு தானும் மின்னாக மாறவில்லை. பின்னர் கல்வின் புல்லர், ஜெரால்ட் பியர்சன் ஆகியோர் செய்த சிலிக்கன் துண்டுகள் அவருக்குக் கைகொடுத்தன. 1954 ஆம் ஆண்டு ஏப்பிரில் 25 ஆந் திகதி அக்கலம் உலகுக்குக் காட்டப்பட்டது. அதன் திறன் ஏறத்தாழ 6 வீதம். விளையாட்டு இராட்டினம் ஒன்றைச் சுழற்றிக் காட்டினார்கள். சிறு வானொலிப் பரப்பி ஒன்றையும் அதன் வலுவாற் பேசவைத்தார்கள். வானொலியோடு இக்கலத்துக்குள்ள தொடர்பு அன்றே தொடங்கியது. 1958 இல் விண்ணுக்கு ஏவப்பட்ட வான்காட் 1 என்னும் சிறு செய்மதியில், பற்றரியால் இயங்கிய பரப்பி சில மாதங்களில் ஓய்ந்தது. சூரியக் கலங்களால் இயங்கியதோ 1964 வரை குரல் கொடுத்துக்கொண்டிருந்தது.

அன்றைய 6 வீதம் இன்று தொழிற்சாலைக் கலங்களில் 22, 24 வீதமென உயர்ந்திருக்கின்றது. ஆனாற் கலம் தெரிய முனைபவர் இந்த வீதக்கணக்கிலே முதலிற் கண்ணோட்டம் செலுத்துவது தவறு. விற்போர் அதனைத்தான் பெரிய எழுத்திற் போடுவர். வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டியது வேறு: இந்தப் பலகை எதற்கு?

ஒரு வீட்டிலே 5 உவாற்று எல். ஈ. டி. விளக்குகள் இரண்டு, இரவில் நான்கு மணித்தியாலம் எரியவேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அது 40 உவாற்று மணி. அதனுடன் 5 உவாற்று எடுக்கும் வானொலி ஒன்று நாளுக்கு ஆறு மணித்தியாலம் பாடினால் மேலும் 30. கூட்டுத்தொகை 70. பற்றரிக்குட் செலுத்திய மின் முழுவதும் திரும்ப வராது. கம்பியிலும் சிறிது கரையும். ஆகவே 100 உவாற்று மணி வேண்டுமெனக் கொள்வது பாதுகாப்பு. இலங்கையின் உலர் வலயத்தில் முழு வெயிலுக்கு ஒப்பான நேரம் நாளுக்கு ஐந்து மணித்தியாலம் வரையிலே கிடைக்கும் என்றாலும், முகிலையும் மாரியையும் எண்ணி நான்கு என்று வைப்பது நன்று. நூறை நான்கால் வகுத்தால் இருபத்தைந்து. தேவை 25 உவாற்றுப் பலகை மாத்திரமே! பலர் இந்தக் கணக்கைச் செய்யாமலே பெரிய கலங்களை வாங்கிவிட்டு, அவற்றுக்குக் கண்ணாடி தேடி அலைகின்றனர்.

அடுத்தது கலங்களின் எண்ணிக்கை. சிலிக்கன் கலம் பெரிதாயினும் சிறிதாயினும், வெயிலில் வேலை செய்யும்போது தருவது ஏறத்தாழ அரை உவோற்று அழுத்தமே. உள்ளங்கையளவு கலமும் அரை உவோற்று. நகத்தளவு துண்டும் அரை உவோற்று. பரப்புக் கூடினால் ஓட்டம், அதாவது அம்பியர், கூடுமேயன்றி அழுத்தம் கூடாது. இதனை ஒருவர் மனத்திற் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 12 உவோற்றுப் பற்றரியை நிரப்ப வேண்டுமானால் கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்து அழுத்தத்தைக் கூட்டவேண்டும்.

அப்படியாயின் 24 கலம் போதாதோ என்று கணக்குத் தெரிந்த மாணவன் கேட்பான். போதாது. 12 உவோற்று என்று பெயர் பெற்ற ஈயப் பற்றரி நிரம்புவதற்கு 14.4 உவோற்று வரை வேண்டும். நீர் தாழ்ந்த தொட்டியிலிருந்து உயர்ந்த தொட்டிக்கு ஏறாதவாறு, குறைந்த அழுத்தமுள்ள பலகையிலிருந்து மின் பற்றரிக்குள் ஏறாது. சரி, 30 கலம் வைத்தால் 15 உவோற்று வருமே? இங்கேதான் வெப்ப நாட்டின் தனிச்சிக்கல் குறுக்கிடுகின்றது. கலம் சூடாகுந்தோறும் அதன் அழுத்தம் குறையும். ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 2 மில்லிஉவோற்று வீதம் குறையும். விற்பவர் கூறும் அளவுகள் 25 பாகையிற் கண்டவை. கூரையின்மேல், கண்ணாடிக்கடியில், நடுப்பகலிற் கலத்தின் வெப்பநிலை 60 பாகையை எட்டும். 35 பாகை வேறுபாட்டாற் கலமொன்றுக்கு 0.07 உவோற்று இழப்பு. 30 கலங்களிற் கூட்டினால் இரண்டு உவோற்றுக்கு மேல். எஞ்சுவது 13 க்கும் குறைவு. பற்றரி ஒருநாளும் நிரம்பாது. அரைகுறையாக நிரம்பிய ஈயப் பற்றரியின் ஆயுளும் குறுகும். 36 கலங்களோ குளிர்ந்த நிலையில் 18 உவோற்றும், வெந்து கிடக்கும் நிலையில் 15.5 உவோற்றும் தரும். இடையிலுள்ள இருவாயியும் கம்பியும் தம் பங்கை எடுத்தபின்னும் 14.4 க்குக் குறையாது. 36 என்னும் எண் பழக்கத்தால் வந்ததன்று. வெயிலும் பற்றரியும் சேர்ந்து விதித்தது.

இனி ஒவ்வொரு கலத்தின் அளவு. 25 உவாற்றை முப்பத்தாறாற் பிரித்தால் கலத்துக்கு 0.7 உவாற்று. பல ஆண்டுகளாகச் சந்தையிற் பரவிய 156 மில்லிமீற்றர்ச் சதுரக் கலம் முழுமையாக 4 உவாற்று அளவில் தரும். 8 அம்பியர் ஓட்டம் விடும். அது இவ்வேலைக்கு மிகப் பெரிது. அதனை ஆறு கூறாக்கிய துண்டு, அதாவது 52 க்கு 78 மில்லிமீற்றர், ஏறத்தாழ 0.7 உவாற்றும் 1.4 அம்பியரும் தரும். இத்தகைய துண்டுகள் 36 ஐ ஒன்பதுக்கு நான்காக அடுக்கினால், ஓரங்களையும் சேர்த்து 55 க்கு 40 சென்ரிமீற்றர்க் கண்ணாடி போதும். ஆயினும் முழுக்கலத்தை வாங்கி வீட்டில் வெட்டலாமென எவரும் நினைத்தல் வேண்டா. இக்கலங்கள் 0.2 மில்லிமீற்றருக்கும் மெல்லியவை; அப்பளத்தைவிட எளிதாக உடைபவை. தொழிற்சாலையில் ஒளிக்கதிரால் வெட்டிய துண்டுகளையே வாங்கவேண்டும். வெட்டிய துண்டு ஒவ்வொன்றிலும் பற்றாசு வைக்கும் வெள்ளிக்கோடு முன்புறத்தில் உள்ளதா என்று பார்ப்பதும் முக்கியம். கோடில்லாத துண்டு அழகிய கறுப்புச் சில்லேயன்றி வேறன்று.

ஒற்றைப் பளிங்குக் கலமா, பல்பளிங்குக் கலமா என்ற வழக்கை மக்கள் நெடுநேரம் பேசுவர். ஒற்றைப் பளிங்குக் கலம் உருளை வடிவான ஒரே பளிங்கிலிருந்து அரிந்தெடுக்கப்படுவது. நிறம் ஒரே சீரான கறுப்பு. உருளையிலிருந்து வந்தமையாற் பெரும்பாலும் மூலைகள் வெட்டுண்டிருக்கும். பல்பளிங்குக் கலம் அச்சில் உறைந்த கட்டியிலிருந்து வருவது, நீல நிறம், உற்றுப் பார்த்தாற் பனிக்கட்டிச் சில்லுகள் போன்ற கோலம் தெரியும். முன்னையது சற்றுத் திறன் கூடியது. உலகத்துத் தொழிற்சாலைகள் இன்று பெரும்பாலும் ஒற்றைப் பளிங்குக் கலத்தையே செய்கின்றன. ஆதலால் கடையில் மலிவாகக் காணும் நீலக் கலங்கள் பழைய இருப்பாக இருக்கக்கூடும். பழையதென்பதாற் கெட்டதென்று பொருளன்று. காற்றுப் புகாமல் வைத்திருந்தாற் சிலிக்கன் கெடாது. வெள்ளிக்கோடுகள் மங்கியிருந்தாற்றான் பற்றாசு பிடிக்காது. இரு வகைக்குமுள்ள திறன் வேறுபாட்டை இரண்டு சாண் கூடுதலான கண்ணாடி ஈடுசெய்துவிடும். கூரையில் இடமில்லாத நகரத்தார்க்கு அது பெரிது. முற்றத்தில் வெயிலுள்ள வீட்டார்க்கு அது பொருட்டன்று. ஆனால் ஒரே பலகையில் இரு வகையையும் கலத்தல் ஆகாது.

ஏன் கலத்தல் ஆகாது என்பதை விளக்கினாற் கலம் தெரியும் வித்தையின் உள்ளீடு புலப்படும். கூரை வேயும்போது ஆட்கள் வரிசையாக நின்று ஓட்டைக் கைமாற்றி ஏற்றுவதை யாவரும் கண்டிருப்பர். வரிசையில் ஒன்பது பேர் கைவேகமுள்ளவர். ஒருவர் மட்டும் தளர்ந்தவர் என்றால், கூரைக்கு ஓடு போய்ச் சேரும் வேகம் அந்தத் தளர்ந்தவரின் வேகமே. தொடராக இணைத்த கலங்களின் இயல்பும் அதுவே. முப்பத்தைந்து கலங்கள் 1.4 அம்பியர் விடவல்லனவாய், ஒன்று மாத்திரம் 1 அம்பியர் விடுமாயின், பலகை முழுவதும் ஏறத்தாழ 1 அம்பியரே தரும். 25 உவாற்றுக்குக் கொடுத்த காசில் 18 உவாற்றே கைக்கு வரும். மிகச் சிறந்த கலங்கள் சிலவற்றையும் நடுத்தரமானவை சிலவற்றையும் சேர்த்தவர், சிறந்தவற்றுக்குக் கொடுத்த விலையை வீணாக்கியவராவர். எல்லாம் நடுத்தரமாயும் ஒன்றுபோலவும் இருந்தால் அதுவே நல்ல பலகை. ஆகவே கலம் தெரிவதென்பது உயர்ந்ததைத் தேடுவதன்று, ஒத்ததைத் தேடுவது.

கடைக்காரர் கலங்களை 'ஏ' தரம், 'பி' தரம், 'சி' தரம் என்று பிரிப்பர். 'ஏ' என்பது குறையற்றது. 'பி' என்பது நிறத்திலோ கோட்டிலோ கண்ணுக்குத் தெரியும் சிறு குறையுடையது, வலுவிற் பெரிதும் குறையாதது. 'சி' என்பது வலுவிலும் குறைந்தது. அதற்குங் கீழே உடைந்தவை. இப்பகுப்பு தொழிற்சாலைக்குள் நடைபெறும்போது பொருளுடையது. சில்லறைக் கடைக்கு வந்தபின் அது விற்பவரின் சொல்லேயன்றி வேறில்லை. ஏனெனில் எழுத்தை எவரும் எதன்மீதும் ஒட்டலாம். 'பி' தரம் என்று நேர்மையாகச் சொல்லி விற்பவரிடம் வாங்குவது, 'ஏ' தரம் என்று பாதி விலைக்குக் கூவி விற்பவரிடம் வாங்குவதினும் மேல். 36 தேவையென்றால் நாற்பதாவது வாங்கவேண்டும், கன்னிமுயற்சியாயின் நாற்பத்தைந்து. கைப்பழக்கம் வருமுன் சில உடையவே செய்யும். ஓரம் சிறிது சிதைந்த கலத்தை உடனே எறிந்துவிடத் தேவையில்லை. ஆனால் பரப்பிற் கால்வாசி போனால் ஓட்டத்திலும் கால்வாசி போகும் என்பதை நினைவிற் கொள்க. சில வணிகர் போக்குவரத்தில் உடையாதபடி கலங்களை மெழுகில் தோய்த்துக் கட்டியாக அனுப்புவதுண்டு. அதனை வெந்நீரிற் கரைத்துப் பிரித்துத் துடைப்பதற்குள் பொறுமையும் போகும், கலமும் போகும். அத்தகைய கட்டி எவ்வளவு மலிவாயினும் தொடாதிருப்பதே நலம்.

கலங்கள் வந்து சேர்ந்தபின் சோதனை. இதற்கு ஒரு பல்மானி போதும். பாடசாலை ஆய்வுகூடங்களிலும் கிடைக்கும். பலர் செய்யும் பிழை, கலத்தின் அழுத்தத்தை மட்டும் அளந்து 0.6 உவோற்றுக் காட்டியதும் மனநிறைவடைவது. பாதி உடைந்த கலமும் 0.6 காட்டும், மங்கிய வெளிச்சத்திற்கூட அதனையொட்டிக் காட்டும். அளக்கவேண்டியது ஓட்டம். பல்மானியை 10 அம்பியர் நிலையில் வைத்து, வெயிலிற் கலத்தின் முன்புறக் கோட்டையும் பின்புறத் திட்டையும் முட்கள் இரண்டாலும் மெல்லத் தொட்டால், அக்கலம் விடவல்ல மிகக் கூடிய ஓட்டம் தெரியும். பற்றரியை இவ்வாறு தொட்டாற் பல்மானி பழுதாகும், கையும் சுடும்; சூரியக் கலமோ தன் அளவுக்கு மேல் ஓட்டம் விடாதாகையால் இங்கே அச்சமில்லை.

ஆனால் வெயில் ஒரே நிலையில் நில்லாது. காலை பத்துமணிக்கு அளந்த முதற் கலத்தையும் பதினொரு மணிக்கு அளந்த கடைசிக் கலத்தையும் ஒப்பிடுவது தராசின் படிக்கல்லை இடையில் மாற்றுவது போலாகும். இதற்கொரு நல்ல உபாயம் உண்டு. முகிலற்ற நாளில், நண்பகலை அடுத்த நேரத்தில், எல்லாக் கலங்களையும் ஒரே சாய்வான பலகையில் வைத்தே அளக்கவேண்டும். ஒரு கலத்தைப் படிக்கல்லாக ஒதுக்கி, ஐந்து கலங்களுக்கு ஒருமுறை அதனையும் திரும்ப அளந்து எழுதிக்கொள்ளவேண்டும். படிக்கல்லின் அளவு மாறியிருந்தால் வெயில் மாறிவிட்டது. மற்றவற்றின் அளவையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். பின்னர் ஓட்டத்தின் வரிசைப்படி கலங்களை அடுக்கி, மேலே மிகைப்பட்டவற்றையும் கீழே குறைந்தவற்றையும் நீக்கி, நடுவில் நெருங்கி நிற்கும் 36 ஐ எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரு வகுப்பு மாணவர் இதனைச் செய்தால் அளத்தல், அட்டவணைப்படுத்தல், சராசரி காணல் யாவும் ஒரே முற்பகலிற் கைவந்துவிடும். கரும்பலகையில் மூன்று வாரம் எழுதியும் வராதவை அவை.

கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இன்னொரு பகை. தொழிற்சாலைகளிற் கலத்துக்குள் மின்னைச் செலுத்தி அதனை மெல்ல ஒளிரச் செய்து, அகச்சிவப்பை உணரும் கருவியாற் படமெடுத்து வெடிப்பைக் காண்பர். வீட்டில் அது இயலாது. சாய்ந்த ஒளியிற் கலத்தைப் பிடித்து, மயிரிழை போன்ற கோடு ஓடுகின்றதா என்று பார்ப்பதே செய்யத்தக்கது. வெடிப்புள்ள கலம் முதல் நாளில் நன்றாகவே அளக்கும். பகற்சூட்டில் விரிந்தும் இரவுக் குளிரிற் சுருங்கியும் சில மாதங்களில் இரண்டாகப் பிரிந்து, வரிசையின் தளர்ந்த ஆளாகிவிடும்.

தளர்ந்த ஆளால் நேர்வது வலுவிழப்பு மட்டுமன்று. வரிசையில் ஒருவர் ஓட்டை வாங்க மறுக்க, மற்றவர்கள் அவர்மீது ஓடுகளைத் திணித்துக்கொண்டே இருந்தால் என்னாகும்? ஒரு கலத்தின்மேல் வாழையிலை நிழல் விழுந்தாலோ, அது குறைபாடுடையதாயினாலோ, ஏனைய கலங்களின் வலு அக்கலத்தினுள்ளே வெப்பமாக மாறும். அவ்விடம் கொதித்து, ஒட்டுப்பொருள் கருகி, பின்புறம் மரப்பலகையாயிருந்தாற் புகையவும் கூடும். பெரிய கலங்களிலே 8 அம்பியர் ஓடும்போது இது விளையாட்டன்று. இதனைத் தடுக்கவே ஒவ்வொரு 18 கலத்துக்கும் குறுக்கே ஓர் இருவாயியை இட்டு, ஓட்டம் சுற்றிச் செல்லும் மாற்றுவழியை அமைக்கின்றனர். வீட்டிற் செய்வோர் பலர் இரவிற் பற்றரி வடியாமற் காக்கும் இருவாயியை இடுவர், இதனை மறந்துவிடுவர். சட்டமும் பின்தகடும் அலுமினியமாயிருப்பது மரத்தினும் நன்று.

முன்புறத்து வெள்ளிக்கோடுகள் பற்றியும் ஒரு சொல். பழைய கலங்களில் இரண்டு அல்லது மூன்று அகன்ற கோடுகள் இருக்கும். அண்மைக்காலக் கலங்களில் ஒன்பது, பன்னிரண்டு என மெல்லிய கோடுகள் நெருங்கி ஓடும். இயந்திரம் தொடுப்பதற்கென்றே அமைந்தவை அவை. கையாற் பற்றாசு வைப்பவர்க்கு அகன்ற கோடுகளே உகந்தவை; ஈயம் பூசிய 2 மில்லிமீற்றர்ச் செப்புப் பட்டி அவற்றின்மேல் நன்கு அமரும். முன்பக்கப் பட்டியை விற்பவரே ஒட்டித்தரும் கலங்களும் உண்டு. முதன்முறை செய்வோர் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து அவற்றையே வாங்குதல் நன்று. உடைவுகளிற் பெரும்பகுதி அந்த முதற் பற்றாசிலேதான் நிகழ்கின்றது. பின்புறம் முழுவதும் சாம்பல்நிற அலுமினியம் பூசியிருக்கும். அதிற் பற்றாசு பிடியாது. வெள்ளித் திட்டுக்களிலேயே பிடிக்கும். எல்லாத் தொடுப்புகளும் பின்புறமே அமைந்த ஒரு வகைக் கலமும் சந்தையில் உண்டு. அது வளையும், திறனும் மிக்கது; ஆயினும் புதுக் கைகளுக்கு ஏற்றதன்று.

பழைய நூல்கள் முன்புறம் மறை, பின்புறம் நேர் என்று சொல்லும். நெடுங்காலம் அது பெரும்பாலான கலங்களுக்குப் பொருந்தியது. இப்போது பரவிவரும் புதிய வகைக் கலங்கள் சிலவற்றில் இது தலைகீழ். முன்புறமே நேர். ஆதலின் நூலை நம்பாமற் பல்மானியையே கேட்கவேண்டும். பற்றாசில் ஈயம் உண்டாகையாற் பிள்ளைகள் வேலை முடிந்ததும் கையைக் கழுவியபின்பே உணவைத் தொடவேண்டும். வேலை காற்றோட்டமுள்ள இடத்தில் நடைபெறவேண்டும்.

உடைந்த பழைய பலகையிலிருந்து கலங்களை உரித்தெடுக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. தொழிற்சாலையிற் கலமும் கண்ணாடியும் சூட்டில் உருகிய ஒட்டுப்படலத்தால் ஒன்றாகப் பிணைக்கப்படுகின்றன. அதனைப் பிரிக்க முயன்றாற் கையில் வருவது தூளே. தோட்ட விளக்குகளில் உள்ள கறுப்புத் தகடு வேறு. அது பல சிறு துண்டுகளை முன்பே தொடுத்துப் பிசினுள் அடைத்த குட்டிப் பலகை. சிறு பிள்ளைகளுக்கு முதற்பாடமாக அதுவே தகும்; உடையாது, பற்றாசும் சொற்பம்.

விலையைப் பற்றியும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். 2024 இல் தொழிற்சாலைப் பலகையின் மொத்த விலை உலகச் சந்தையில் ஓர் உவாற்றுக்கு ஏறத்தாழ 10 அமெரிக்கச் சதத்துக்கு இறங்கியிருந்தது. சில்லறை விலையும் வரியும் சேர்ந்தாலும், கலம், கண்ணாடி, பட்டி, ஒட்டுப்பொருள், சட்டம் என்று தனித்தனியே வாங்கி வீட்டிற் செய்யும் பலகை அதனினும் மலிவாக முடிவது அரிது. ஆயத்தப் பலகைக்குக் கடுமையான சோதனைகளும் தரச்சான்றும் உண்டு. வீட்டுப் பலகைக்கு இல்லை. 2016 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தின் பின்னர்ப் பல கூரைகளில் ஏறிய பலகைகளைப் போல, மின்சார சபையின் கம்பியுடன் இணைக்கும் உயர் அழுத்த வேலைக்கு வீட்டிற் செய்த பலகையை எண்ணிப்பார்த்தலும் கூடாது. பணத்தை மிச்சம்பிடிக்கவே விரும்புவோர் கடைக்குச் சென்று ஆயத்தப் பலகையை வாங்கட்டும். பாடசாலை விஞ்ஞானக் கழகத்தார், கைவினையில் ஈடுபாடுடையோர், கடையிற் கிடையாத அளவிலே ஒரு சிறு பலகை வேண்டுவோர் ஆகியோரே கலங்களை வாங்கத்தக்கவர். தாம் செய்ததைத் தாமே பழுதுபார்க்கும் ஆற்றல் அவர்களுக்கு வரும். 1990 களில் மின்சாரமற்றிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலே துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் அந்த ஆற்றலின் பெறுமதியை நன்கறிவர்.

பலகை முடிந்ததும், கண்ணாடியை மூடி ஒட்டுமுன், ஒருமுறை வெயிலில் வைத்து அளக்கவேண்டும். ஒட்டியபின் திருத்தவியலாது. பற்றரி இணையாத நிலையில் 36 கலமும் சேர்ந்து 21 உவோற்றுக்கு மேற் காட்டும். வெயிலிற் சூடேறினாற் சிறிது தாழும். கலங்கள் சூடேறுமுன்னே ஏறக்குறைய 1.2 உவோற்றுக் குறைந்திருந்தால், எங்கோ ஒரு கலம் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கின்றது; அது தன் பங்கைக் கூட்டாததோடு இன்னொன்றின் பங்கையும் கழித்துவிடுகின்றது. அரைப்பங்கு உவோற்றே குறைந்திருந்தால் ஒரு கலம் குறுக்கே இணைந்து செத்திருக்கின்றது. ஒன்றும் காட்டாவிட்டால் ஒரு பற்றாசு பிடிக்கவில்லை. முட்களை ஒவ்வொரு கலமாக நகர்த்திக்கொண்டு போனால் அந்த இடம் ஐந்து நிமிடத்திற் பிடிபடும். பின்னர் ஓட்டத்தை அளந்து, முன்பு அட்டவணையில் எழுதிய கலங்களுட் குறைந்ததன் அளவோடு ஒப்பிடவேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் கண்ணாடியின் ஓரங்களைச் சிலிக்கோன் பசையால் ஈரம் புகாதபடி அடைத்து, ஒருநாள் உலரவிட்டு, மின்னேற்றக் கட்டுப்படுத்தியும் உருகியும் இட்டுப் பற்றரிக்குக் கம்பி இழுக்கலாம். எஞ்சிய நாலைந்து கலங்களைத் தடித்த மட்டைகளுக்கிடையே வைத்து, ஈரமில்லாத பெட்டியில், அளவெழுதிய தாளுடன் பத்திரப்படுத்துவது நல்லது.